ஒரே போதனை, பல செவிகள்: கிரகோரியாரின் ஆயர் நெறிநூலும் ஆல்பிரெடின் ஆங்கில ஆக்கமும்

1. முன்னுரை

ஒரு நூலை வேற்றுமொழிக்குக் கொண்டு செல்லும்போது எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பது மொழிபெயர்ப்பியலின் பழைய வினாக்களுள் ஒன்று. சமய போதகர்களும் தம் பணி சார்ந்து இதே வினாவை எதிர்கொண்டுள்ளனர். போதனை ஒன்று, கேட்போரோ பலர். கேட்போருக்கேற்பப் பேச்சை மாற்றினால் போதனை சிதையுமா, மாற்றாவிட்டால் அது சென்று சேருமா என்பது அவர்கள் முன் நின்ற சிக்கல்.

இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்த நூல், உரோமின் திருத்தந்தை முதலாம் கிரகோரியார் கி.பி. 590ஆம் ஆண்டையொட்டி இலத்தீனில் எழுதிய 'ரேகுலா பாஸ்தொராலிஸ்' ஆகும். ஆயருக்குரிய நெறி என்பது இத்தலைப்பின் பொருள். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், இங்கிலாந்தின் வெசெக்ஸ் நாட்டு அரசர் ஆல்பிரெட் பெயரில் இந்நூல் பழைய ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. கேட்போரறிந்து பேசவேண்டும் என்னும் நெறியைக் கூறிய நூலே வேறொரு மொழியினரை நோக்கிச் சென்றபோது அந்நெறிக்குத் தானும் உட்பட்டது. இவ்விரு ஆக்கங்களையும் இணைத்து நோக்கி, கேட்போருக்கேற்ப மொழியை மாற்றுவது நடையழகு பற்றியதன்று, தலைமையேற்றவரின் கடமை பற்றியது என்னும் கருத்து அவற்றில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நூல் எழுந்த சூழல்

கிரகோரியார் ஏறத்தாழ 540இல் உரோமில் உயர்குடியில் பிறந்தவர். நகர ஆட்சியில் உயர்பதவி வகித்த பின்னர்த் துறவு மேற்கொண்டு, சீலியன் குன்றிலிருந்த தம் குடும்ப இல்லத்தைத் துறவு மடமாக்கினார். பின்னர் உரோமின் தூதராகக் கான்ஸ்டாண்டிநோபிளில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 590இல் உரோமில் பரவிய கொள்ளைநோய்க்குத் திருத்தந்தை இரண்டாம் பெலாஜியுஸ் பலியானார். அவ்வாண்டு செப்டம்பரில் அப்பொறுப்பு கிரகோரியாரை வந்தடைந்தது. 604இல் மறையும்வரை அவர் அதில் இருந்தார்.

பதவியேற்க அவர் தயங்கியதைக் கண்டித்த யோவான் என்னும் ஆயருக்கு விடையாக இந்நூல் அமைந்தது. இவர் ரவென்னா நகர ஆயர் என்பது பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. தலைமைப் பொறுப்பின் சுமையை உணர்ந்தே தாம் தயங்கியதாகக் கிரகோரியார் விளக்குகிறார். எனவே பதவியை விரும்பி ஏற்றவர் தம் அனுபவத்தைப் பறைசாற்றும் நூலாக இது அமையவில்லை. அஞ்சி ஏற்றவர் தமக்கே வகுத்துக்கொண்ட ஒழுக்கநூலாகவும் இதனைக் கொள்ளலாம்.

3. நூலின் அமைப்பு

நூல் நான்கு பகுதிகளை உடையது. தலைமைக்கு வரத்தக்கவர் யார் என்பதை முதற்பகுதியும், வந்தவர் எவ்வாறு வாழவேண்டும் என்பதை இரண்டாம் பகுதியும், எவ்வாறு போதிக்கவேண்டும் என்பதை மூன்றாம் பகுதியும் கூறுகின்றன. மிகச் சிறியதான நான்காம் பகுதி, இவற்றையெல்லாம் நன்கு செய்தவர் தம் குறையை மறவாதிருக்க வேண்டும் என எச்சரிக்கிறது. 40 இயல்கள் கொண்ட மூன்றாம் பகுதியே அளவில் மிகப் பெரியது. போதிக்கும் முறை பற்றிய பகுதி, தகுதியும் வாழ்வும் பற்றிய பகுதிகளுக்குப் பின்னரே வருவது கருதத்தக்கது. பேசுபவரின் வாழ்க்கையே பேச்சின் முதல் சான்று என்பது நூலின் அடிப்படை.

முதற்பகுதியில் மருத்துவ உவமை அமைகிறது. மருந்தின் இயல்பறியாதவர் உடல் மருத்துவராகக் காட்டிக்கொள்ள நாணுகின்றனர். உள்ளத்தின் நோயறியாதவரோ அதனைக் குணப்படுத்த முன்வர அஞ்சுவதில்லை என்கிறார் ஆசிரியர். அதே வேளையில், தகுதியிருந்தும் தம் அமைதியை விரும்பிப் பொறுப்பை மறுப்போரையும் அவர் கண்டிக்கிறார். எசாயா தாமே முன்வந்ததும் எரேமியா தயங்கியதும் ஒரே அன்பின் இரு வெளிப்பாடுகள் எனக் காட்டி, இவ்விரண்டுள் ஒன்றை மட்டும் பொது விதியாக்குவதைத் தவிர்க்கிறார். ஆளையும் நிலைமையையும் கருதியே தீர்ப்பளிக்கும் போக்கு இங்கேயே தொடங்கிவிடுகிறது.

4. கேட்போர் வகைப்பாடு

மூன்றாம் பகுதியின் முன்னுரையில், ஒரே அறிவுரை எல்லாருக்கும் பொருந்தாது என்னும் கருத்தை நசியான்சு கிரகோரியாரிடமிருந்து தாம் பெற்றதாக ஆசிரியர் கூறுகிறார். 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுதியவர் அவர். சில விலங்குகளுக்கு உணவாகும் பூண்டு வேறு சிலவற்றுக்கு நஞ்சாகிறது. குதிரையை அமைதிப்படுத்தும் மெல்லிய சீழ்க்கை நாய்க்குட்டியைத் தூண்டிவிடுகிறது. வளர்ந்தோருக்கு வலிமை தரும் உணவு குழந்தையைக் கொல்கிறது என உவமைகள் அடுக்கப்படுகின்றன. கேட்போரின் உள்ளங்கள் இசைக்கருவியின் நரம்புகளை ஒத்தவை என்பது அடுத்த உவமை. மீட்டும் கருவி ஒன்றாயினும் எல்லா நரம்புகளையும் ஒரே வகையில் மீட்டினால் இசை பிறவாது.

இதையடுத்து முப்பதுக்கும் மேற்பட்ட எதிரிணைகள் பட்டியலிடப்பட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே விளக்கப்படுகிறது. இவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ) சமூக நிலை: ஆண்-பெண், இளையோர்-முதியோர், வறியோர்-செல்வர், அடிமைகள்-உடையவர்கள், ஆளப்படுவோர்-ஆள்வோர், மணமானோர்-மணமாகாதோர்.

ஆ) அறிவு நிலை: உலகியல் அறிவு மிக்கோர்-அறிவு மந்தமானோர்.

இ) மனவியல்பு: மகிழ்வோர்-வருந்துவோர், நாணமற்றோர்-நாணமுடையோர், பொறுமையற்றோர்-பொறுமையுடையோர், பிடிவாதமுடையோர்-நிலையற்றோர்.

ஈ) பேச்சியல்பு: அதிகம் பேசாதோர்-மிகுதியாகப் பேசுவோர், பூசல் விளைப்போர்-அமைதி செய்வோர்.

உ) செயல்நிலை: தம் பொருளை ஈவோர்-பிறர் பொருளைப் பறிப்போர் போன்றவை.

வயது, பால், பொருளாதார நிலை, அதிகார உறவு, கல்வி ஆகியவற்றை இன்றைய சமூக மொழியியலும் மொழி வேறுபாட்டின் காரணிகளாகக் கொள்கிறது. எனினும் கிரகோரியாரை அத்துறையின் முன்னோடியாக்குவது காலமுரணாகும். அவர் கருதியவை கேட்போரின் ஒழுக்க நிலையும் மனநிலையும். அவர்களுடைய கிளைமொழிகள் அல்ல. ஒப்புமை வேறோரிடத்தில் உள்ளது. வகைப்பாட்டைத் தொடக்கப் புள்ளியாக மட்டுமே கொண்டு, அதை மீறும் ஆளைக் காணும்போது வகையை விட்டுவிடுகிறார் அவர்.

வறியோர்-செல்வர் பற்றிய இயல் இதற்குச் சான்று. வறியோருக்கு ஆறுதலும் செல்வருக்கு அச்சமும் தரும் மொழியே பொதுவாக ஏற்றது என்று தொடங்குகிறார். உடனே, பணிவுள்ள செல்வரும் செருக்குள்ள வறியோரும் உண்டு என்று கூறி, அத்தகைய இடங்களில் மொழியும் இடம்மாறவேண்டும் என்கிறார். ஆள்வோரிடம் நேரடிக் கண்டனம் பயன்படாதபோது உவமைக்கதையால் அவர்களையே தீர்ப்புக் கூறச் செய்யலாம் என்பதற்குத் தாவீது அரசரிடம் நாத்தான் இறைவாக்கினர் பேசிய முறை சான்றாகிறது. நாணமற்றோரை வெளிப்படையாகக் கடிந்தால்தான் திருத்தமுடியும். நாணமுடையோருக்குக் குறிப்பே போதும். புனித பவுல் கலாத்தியருக்குக் கடுமையாகவும் பிலிப்பியருக்கு மென்மையாகவும் எழுதியது இங்கு எடுத்துக்காட்டாகிறது. எழுதியவர் ஒருவரே, கேட்ட திருச்சபைகளின் நிலையே வேறு.

நூலின் நுட்பமான பகுதி இப்பட்டியலுக்குப் பின் வருகிறது. ஒருவரிடம் தனித்துப் பேசுவதைவிடப் பலர் கூடிய அவையில் பேசுவது கடினம் என்கிறார் ஆசிரியர். செருக்குள்ளோருக்குப் பணிவைப் போதிக்கும்போது அஞ்சியோரின் அச்சம் பெருகலாகாது. அஞ்சியோருக்குத் துணிவூட்டும்போது செருக்குள்ளோர் கட்டவிழ்ந்துவிடலாகாது. ஒரே ஆளிடம் இரு எதிர்க்குறைகள் இருப்பதும் உண்டு. சிலவேளைகளில் பெரிய குறையைக் களையச் சிறிய குறையைப் பொறுத்துக்கொள்ளவும் நேரலாம். பல்வேறு வாசகர்களுக்கு ஒரே பனுவலைத் தரவேண்டிய மொழிபெயர்ப்பாளரின் நிலையும் இதுவே.

5. மாற்றத்தின் எல்லை

கேட்போருக்கேற்பப் பேசுதல் முகத்துதியாக மாறும் இடர் உண்டு. கிரகோரியார் இதனை நன்கறிந்திருந்தார். இரண்டாம் பகுதியில் அவர் இடும் வரம்புகளே மூன்றாம் பகுதியைப் பாதுகாக்கின்றன.

முதல் வரம்பு, மௌனமும் பேச்சும் பற்றியது. பேசத்தகாதவற்றைப் பேசுதலும், பேசவேண்டியவற்றை மக்களின் வெறுப்புக்கு அஞ்சிப் பேசாதிருத்தலும் ஒரே அளவு குற்றம். இரண்டாம் வரம்பு, மக்களைத் தம்பால் ஈர்க்கும் ஆசை பற்றியது. போதகர் விரும்பப்படுவது நன்று. ஆனால் அவ்விருப்பம் அவர் கூறும் உண்மைக்கு வழியாகவேண்டுமேயன்றி அவரோடு நின்றுவிடலாகாது. மூன்றாவது, சமநிலை பற்றியது. பதவியால் உயர்ந்தவர் இயற்கையால் பிறரோடு ஒத்தவர் என்பதை மறவாமல், நன்னெறி நிற்போரிடம் தோழமையும் தீநெறி நிற்போரிடம் கண்டிப்பும் காட்டவேண்டும்.

சேவல் உவமை இவற்றை ஒருங்கிணைக்கிறது. ஆழ்ந்த இருளில் சேவல் உரக்கக் கூவுகிறது. விடியல் நெருங்குகையில் மெல்லக் கூவுகிறது. கேட்போர் எவ்வளவு இருளில் உள்ளனரோ அதற்கேற்பக் குரல் மாறுகிறது. கூவுவதற்கு முன் அது தன் சிறகுகளால் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது. போதகரும் முதலில் தம்மைத் தட்டியெழுப்பிக்கொள்ள வேண்டும். குரல் மாறலாம்; குரலெழுப்பும் பொறுப்பு மாறாது என்பது இதன் கருத்து.

6. நெறியின் நடைமுறை

நூலில் கூறிய நெறியை ஆசிரியர் நிருவாகத்திலும் பின்பற்றினாரா என்பதற்கு 601ஆம் ஆண்டுக் கடிதங்கள் விடை தருகின்றன. 596இல் கிரகோரியார் அனுப்பிய அகுஸ்தீன் தலைமையிலான துறவியர் குழு 597இல் இங்கிலாந்தின் கென்ட் நாட்டை அடைந்தது. 601ஆம் ஆண்டு ஜூனில் கென்ட் அரசர் ஏதல்பெர்ட்டுக்கு எழுதிய கடிதத்தில் பழைய வழிபாட்டிடங்களை அழிக்குமாறு கிரகோரியார் தூண்டினார். இரண்டாம் குழுவினர் புறப்பட்ட பின், அக்குழுவிலிருந்த மெல்லிட்டசுக்கு அனுப்பிய கடிதத்தில் நீண்ட சிந்தனைக்குப் பின் வேறு முடிவுக்கு வந்ததாகத் தெரிவித்தார். சிலைகளை அகற்றவேண்டும், கட்டடங்களை இடிக்கவேண்டாம், அவற்றைத் தூய்மை செய்து வழிபாட்டுக்குப் பயன்படுத்தலாம், விலங்குப் பலியை நன்றி விருந்தாக மாற்றலாம் என்பவை அம்முடிவின் கூறுகள். மலையேறுபவர் படிப்படியாகவே ஏறுகிறார், தாவியன்று என்பது அவர் காட்டிய காரணம். 731இல் நிறைவுற்ற பீட் என்பாரின் திருச்சபை வரலாறு இக்கடிதங்களைப் பாதுகாத்துள்ளது.

இங்கு இரு செய்திகள் குறிப்பிடத்தக்கன. தாம் முன்னர்க் கூறியதைத் தாமே மாற்றிக்கொள்ளும் திறன் தலைமைக்கு வேண்டும் என்பது ஒன்று. மாற்றம் முழுமையான இசைவு அன்று என்பது மற்றொன்று. கட்டடம் நிலைத்தாலும் அதனுள் இருந்த வழிபாடு நிலைக்கவில்லை. அம்மக்களின் பழைய சமயத்தின் நோக்கில் இது விட்டுக்கொடுப்பா அன்றி உட்கவர்தலா என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. எதை மாற்றலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைக் கருதாமல் இவ்வகை நெகிழ்ச்சியை மதிப்பிட இயலாது.

7. கிரகோரியாரும் மொழிபெயர்ப்பும்

கான்ஸ்டாண்டிநோபிளில் வாழ்ந்தும் தமக்குக் கிரேக்கம் தெரியாது என்று கிரகோரியார் எழுதியுள்ளார். எனவே மொழிபெயர்ப்பாளரை நம்பியிருக்க வேண்டிய நிலை அவருடையது. அலெக்சாந்திரியாவின் தலைமை ஆயர் எயுலோகியுசுக்கு எழுதிய கடிதத்தில், பொருளுக்குப் பொருள் தரவல்ல மொழிபெயர்ப்பாளர் கிடைப்பதில்லை, சொல்லின் நேர்மையைக் காக்க முயன்று சொல்லப்பட்டதன் கருத்தையே குழப்பிவிடுகின்றனர் என வருந்துகிறார். ஏறத்தாழ 395இல் புனித எரோணிமுஸ் பம்மாக்கியுசுக்கு எழுதிய கடிதம் இக்கருத்தைக் கோட்பாடாகவே நிறுவியிருந்தது. கிரகோரியாரின் கூற்றோ நாள்தோறும் கடிதப் போக்குவரத்து நடத்திய நிருவாகியின் அனுபவத்திலிருந்து எழுந்தது. ஆயர் நெறிநூலும் அவர் காலத்திலேயே அந்தியோக்கியாவின் தலைமை ஆயர் அனஸ்தாசியுசால் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது.

8. ஆல்பிரெடின் ஆக்கம்

ஆல்பிரெட் 871 முதல் 899 வரை வெசெக்ஸை ஆண்டவர். வைக்கிங் படையெடுப்புகளால் மடங்களும் அவற்றின் நூல்களும் அழிந்த காலம் அது. 878இல் எடிங்டன் போரில் வென்ற பின்னர்க் கல்வியை மீட்கும் பணியில் அவர் ஈடுபட்டார். 890களைச் சார்ந்த நெறிநூல் மொழிபெயர்ப்பின் முன்னுரை, ஆயர்களுக்கு எழுதிய கடிதமாக அமைந்துள்ளது. உஸ்டர் நகர ஆயர் வேர்ஃபெர்த்துக்கு உரிய படி ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் இன்றும் உள்ளது.

அம்முன்னுரை ஒரு மொழிச்சூழலின் அளவீடு எனலாம். தாம் அரசேற்றபோது ஹம்பர் ஆற்றுக்குத் தெற்கே இலத்தீன் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்க்க வல்லோர் மிகச் சிலரே என்றும், தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஒருவரையும் நினைவுகூர இயலவில்லை என்றும் ஆல்பிரெட் கூறுகிறார். அழிவுக்கு முன் ஆலயங்களில் நூல்கள் நிறைந்திருந்தும், அவை தம் மொழியில் இல்லாமையால் மக்களுக்குப் பயன்படவில்லை என்கிறார். நூல்கள் அழிந்ததைவிட, இருந்தபோதே படிக்கப்படாமல் கிடந்ததுதான் அவருக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. எபிரேயத்தில் இருந்த சட்டநூல் கிரேக்கத்துக்கும் பின் இலத்தீனுக்கும் சென்ற வரலாற்றைக் காட்டித் தம் முயற்சிக்கு மரபுரிமை தேடுகிறார். வசதியுள்ள சுதந்திரக் குடியினரின் இளைஞர் அனைவரும் ஆங்கில எழுத்தைப் படிக்கக் கற்கவேண்டும். மேலே செல்வோர் இலத்தீன் கற்கலாம் என்பது அவர் திட்டம். அடிமைகளும் வறியோரும் இத்திட்டத்துக்கு வெளியே நின்றனர் என்பதையும் குறிப்பிடவேண்டும்.

மொழிபெயர்த்த முறை பற்றி, சில இடங்களில் சொல்லுக்குச் சொல்லும் சில இடங்களில் பொருளுக்குப் பொருளும் கொண்டதாக முன்னுரை கூறுகிறது. இவை இரு எதிர்க்கொள்கைகளாக அன்றி, இடமறிந்து தேர்ந்தெடுக்கும் இரு வழிகளாகக் கூறப்படுவது கருதத்தக்கது. பேராயர் பிளெக்முண்ட், ஆயர் அஸ்ஸர், குருக்கள் கிரிம்பால்ட், யோவான் ஆகியோரிடம் கற்றுப் பொருளுணர்ந்த பின்னரே பெயர்த்ததாகவும் அது தெரிவிக்கிறது. அரசர் தம் கையால் எவ்வளவு எழுதினார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2007இல் மால்கம் கோடன் ஆல்பிரெடின் ஆசிரியத்துவம் முழுவதையுமே ஐயத்துக்குள்ளாக்கினார். எனினும் அரசவையின் பெயரால் ஒரு மொழிபெயர்ப்புத் திட்டம் நடந்தது என்பது ஆக்கத்தின் பரவலால் தெளிவாகிறது.

ஒவ்வொரு ஆயருக்கும் ஒரு படியும், அதனுடன் 50 மான்கஸ் பொன் மதிப்புள்ள 'ஏஸ்டெல்' என்னும் பொருளும் அனுப்பப்பட்டன. இது வரிகளைச் சுட்டிப் படிக்க உதவும் கோல் எனக் கருதப்படுகிறது. 1693இல் சாமர்செட்டில் கிடைத்த பொன்னணி அத்தகைய கோலின் தலைப்பாகம் என்பர். விலைமதிப்புள்ள பொருளை நூலுடன் பிணைத்து, இரண்டையும் பிரிக்கலாகாது என ஆணையிட்டமை, ஆங்கில நூலுக்கு இலத்தீன் நூலுக்கு நிகரான மதிப்பைத் தேடித்தரும் முயற்சி எனலாம்.

மொழியியல் வரலாற்றிலும் இவ்வாக்கத்துக்குத் தனியிடம் உண்டு. 1871-72இல் ஹென்றி ஸ்வீட் ஆல்பிரெடின் காலத்துப் படிகளின் அடிப்படையில் இதனைப் பதிப்பித்தார். 1731, 1864 ஆகிய ஆண்டுகளின் தீவிபத்துகளில் பெரிதும் அழிந்த ஒரு சுவடிக்கு, 17ஆம் நூற்றாண்டில் ஜூனியுஸ் எடுத்திருந்த படி அவருக்கு உதவியது. தொடக்ககால மேற்குச் சாக்சன் மொழியின் ஒலியியல், உருபனியல் ஆய்வுகளுக்கு இப்பதிப்பு அடித்தளமாயிற்று. போதகருக்காக எழுதப்பட்ட நூல், ஒரு மொழியின் பழைய வடிவத்துக்கே முதன்மைச் சான்றானது.

9. தலைமையைக் குறிக்கும் சொற்கள்

இலத்தீன் மூலத்தில் தலைமையேற்பவர் 'ரெக்டர்' என்றே மிகுதியாகக் குறிக்கப்படுகிறார். செலுத்துபவர், ஆள்பவர் என்பது இதன் பொருள். 'பாஸ்டர்' மேய்ப்பவரையும், 'டாக்டர்' கற்பிப்பவரையும், 'பிரெடிகாட்டர்' போதிப்பவரையும் குறிக்கும். ஆங்கில ஆக்கம் இவற்றுக்கு ஒன்றுக்கு ஒன்றாக நிகரன் தரவில்லை. மேய்ப்பர், ஆள்பவர், மூத்தோர் எனப் பொருள்படும் சொற்கள் இடத்துக்கேற்ப வருகின்றன. அவற்றுடன் ஆசிரியரைக் குறிக்கும் 'லாரேயோவ்' என்னும் சொல் பல இலத்தீன் சொற்களுக்கும் பொதுவாக நிற்கிறது. உயிர்களை ஆளுதல் கலைகளுள் தலையாய கலை என இலத்தீன் கூறுமிடத்தில், ஆங்கிலம் ஆசிரியத்தன்மையையே அவ்வாறு கூறுகிறது. ஆளுதல் கற்பித்தலாகப் பெயர்ந்துள்ளது.

இச்சொல் போதனை, பணியாள் என்னும் இரு சொற்களின் கூட்டிலிருந்து வந்தது என்பது சொற்பிறப்பியலார் கருத்து. இறைவனின் பணியாளருக்குப் பணியாளர் என்று தம்மைக் குறித்துக்கொண்ட கிரகோரியாரின் கொள்கைக்கு இது ஒத்துவருகிறது. ஆயினும் ஆல்பிரெடின் காலத்தவர் அக்கூட்டை உணர்ந்து வழங்கினர் என்று கொள்ள இயலாது. மேலும், ஆங்கிலச் சொற்களுள் சில சமயத் தலைமைக்கும் உலகியல் தலைமைக்கும் பொதுவானவை. ஆதலால் ஆயருக்கென எழுதப்பட்ட நூல் அரச அலுவலரும் தமக்கெனக் கொள்ளத்தக்க நூலாக விரிந்தது. ஒரு மொழியின் சொற்பரப்பு நூலின் பயன்பரப்பையே மாற்றுவதற்கு இது சான்றாகும்.

10. தமிழ்ச் சூழலில் ஒரு குறிப்பு

தமிழிலும் சமயத் தலைமைச் சொற்கள் இத்தகைய சிக்கல் உடையவை. முல்லைநிலத்து மக்களைக் குறித்த 'ஆயர்' என்னும் பழஞ்சொல், கத்தோலிக்க வழக்கில் முன்னைய 'மேற்றிராணியார்' என்னும் சொல்லின் இடத்தைப் பெற்றது. அவ்வழக்கில் 'பேராயர்' ஆயருக்கு மேற்பட்டவர். தென்னிந்தியத் திருச்சபையிலோ கத்தோலிக்கர் 'ஆயர்' என்னும் அதே பதவியைப் 'பேராயர்' என்னும் சொல் குறிக்கிறது. சீர்திருத்தச் சபைகளில் 'போதகர்', 'ஊழியர்' என்பனவும் வழங்குகின்றன. போதிக்கும் செயலை 'மறையுரை' என்பார் ஒரு சாரார்; 'பிரசங்கம்' என்பார் மற்றொரு சாரார். எனவே எச்சொல்லைத் தேர்ந்தாலும் மொழிபெயர்ப்பாளர் ஒரு வாசகர் குழுவையும் சேர்த்தே தேர்கிறார்.

கிரகோரியாரின் நூலைத் தமிழாக்குவோர் 'ரெக்டர்' என்பதை 'ஆயர்' என்றால் அது ஒரு பதவிக்குள் சுருங்கும். 'ஆள்வோர்' என்றால் அரசியல் பொருள் மேலோங்கும். 'தலைவர்' என்றால் சமய அழுத்தம் குறையும். நீ, நீர், நீங்கள் என்னும் முன்னிலைப் பாகுபாடு இன்னொரு முடிவை வேண்டுகிறது. அடிமைக்கும் உடையவருக்கும் கூறும் அறிவுரைகளை நேர்ப்பேச்சாக்க முனைந்தால், மரியாதைப் படிநிலையை இலத்தீன் கட்டாயப்படுத்தாத இடத்தில் தமிழ் கட்டாயப்படுத்தும். இந்நூலின் வாய்பாடு, இவர்களை ஒருவாறும் அவர்களை வேறொருவாறும் அறிவுறுத்தவேண்டும் எனப் படர்க்கையில் அமைந்திருப்பது இங்கு உதவியாகும். உபதேசியர்க்கென வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழ் உரைநடையில் எழுதிய 'வேதியர் ஒழுக்கம்', இத்துறையில் தமிழ் தனக்கென ஒரு நடையைப் பெற்றிருந்ததைக் காட்டுகிறது. இன்றைய மொழிபெயர்ப்பாளர் கலைச்சொற்களுக்காக முதலில் நோக்கவேண்டியவற்றுள் அதுவும் ஒன்று.

11. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, கேட்போரை வகைப்படுத்துவது அவர்களை அறிவதற்கான தொடக்கமே. வகையை மீறும் ஆளை மதிப்பதே அவ்வகைப்பாட்டின் நோக்கம். இரண்டாவது, சொல்லுக்குச் சொல், பொருளுக்குப் பொருள் என்னும் வழிகளுள் ஒன்றைக் கொள்கையாக்குவதைவிட, எந்த இடம் எதனை வேண்டுகிறது என்று அறிவதே இவ்வாக்கங்கள் காட்டும் முறை. மூன்றாவது, நெகிழ்ச்சிக்கு அதிகாரம் உடையவரே பொறுப்பாளர். கிரகோரியார் தம் ஆணையை மாற்றியதும், ஆல்பிரெட் இலத்தீன் கல்வியின் முதன்மையை விட்டுத் தாய்மொழிக்கு இடந்தந்ததும் அதிகாரத்தில் இருந்தோரின் செயல்கள்.

ஆல்பிரெடின் முன்னுரை சுட்டும் இடர் காலத்தால் பழையதன்று. நூல்கள் நிறைந்திருந்தும் அவற்றைத் திறந்து பொருள்கூற வல்லோர் அற்றுப்போகும் நிலை எம்மொழிக்கும் நேரலாம். மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றுவிக்கும் பணியை நூல் வெளியீட்டுக்கு முற்பட்ட பணியாகக் கொள்ளவேண்டியதன் தேவையை இது உணர்த்துகிறது.